வீதிக்கு வந்த ஓவியம்

காய்கறியும் ஆடுமாடும் விலைபோகும் இடம் சந்தை. இச்சொல்லை ஓவியத்தோடு சேர்த்துச் சொல்லச் சிலர் கூசுவர். ஆனால் ‘சித்திர சந்தெ’ என்று கன்னடத்தில் துணிந்து பெயர் சூட்டிக்கொண்டு, ஆண்டுக்கு ஒருநாள் பெங்களூரில் ஓர் ஓவியச் சந்தை கூடுகிறது. கலையைச் சந்தைக்குக் கொணர்தல் அதனைத் தாழ்த்துவதாகுமா? அச்சந்தையைக் கொண்டே ஆராய்வோம்.

சந்தையின் அமைப்பு

1960இல் தோன்றிய கர்நாடக சித்ரகலா பரிஷத் இதனை நடத்துகிறது. மைசூர்ப் பாணி ஓவியங்களையும் தோற்பாவைகளையும் போற்றிக் காத்துவரும் நிறுவனம் அது. பெரும்பாலும் ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், பரிஷத் அமைந்துள்ள குமாரகிருபா சாலையில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்படும். சாலையின் இருமருங்கும் ஓவியங்கள் அணிவகுக்கும். கர்நாடகத்தார் மட்டுமன்றிப் பிற மாநிலத்தாரும் வருவர். நம் தஞ்சாவூர் ஓவியமும் அங்கே இடம்பெறும். நூறு ரூபாய்ப் படமும் உண்டு. இலட்சம் பெறுவதும் உண்டு. ‘இல்லந்தோறும் ஒரு கலைப்படைப்பு’ என்பதே நோக்கம். பெருந்தொற்றால் 2021இல் இணையவழி நடந்த சந்தை, 2022இல் மார்ச் மாதம் மீண்டும் வீதிக்கு வந்தது.

நன்மைகள்

ஓவியக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைய எளிய மக்கள் தயங்குவர். வீதிக்குக் கதவில்லை. குழந்தையைத் தோளில் சுமந்து வருபவரும் நின்று பார்க்கலாம், “இது என்ன வண்ணம்? எத்தனை நாள் ஆயிற்று?” என வரைந்தவரிடமே கேட்கலாம். கூடங்களில் விற்றால் விலையில் கணிசமான பங்கு தரகாகப் போய்விடுவது வழக்கம். நேரில் விற்கும் கலைஞருக்கோ அப்பங்கும் கிட்டுகிறது. தம் படைப்பின் முன் மக்கள் எங்கே நிற்கின்றனர், எங்கே முகம் சுளிக்கின்றனர் என்னும் அறிவும் கிட்டுகிறது.

குறைகள்

ஒருநாள் வரவு ஓராண்டுக்குச் சோறு போடாது. கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல் ஓவியத்துக்கும் பேசுவோர் உளர். துணிக்கும் வண்ணத்துக்கும் ஆன செலவை மட்டும் கணக்கிட்டு, உழைப்பையும் பல்லாண்டுப் பயிற்சியையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர். இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு விலைபோன படத்தையே இவ்வாண்டும் வரையத் தூண்டும் ஆசை அது. அதற்கு இடங்கொடுத்தால், கை ஓடும்; கலை நின்றுவிடும்.

தீர்வு

இதற்கு விடை நம் மாநிலத்திலேயே உண்டு. 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கருகே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. அக்கலைஞர்கள் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று, அவ்வருவாயைக் கொண்டு நிலம் வாங்கினர். கைவினை வயிற்றைக் காத்தது; அதனால் ஓவியம் யாருக்கும் பணியாமல் தன் வழியே நடந்தது. சந்தை கலைக்குத் துணை நிற்கலாம். கட்டளையிடலாகாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

முடிவுரை

ஆகவே, விற்பதனால் கலை தாழ்வதில்லை. விலைக்காகவே வரைவதனால்தான் தாழ்கிறது. இதில் வாங்குவோர்க்கும் பொறுப்புண்டு. நம் இல்லச் சுவர்கள் பலவற்றில் கடைக்காரர் இனாமாகத் தந்த நாட்காட்டிப் படங்களே தொங்குகின்றன. ஒரு சேலையின் விலையில் நம் ஊர்க் கலைஞர் வரைந்த ஓவியம் ஒன்றை வாங்கி மாட்டலாமே! நம் ஊரிலும் மரநிழலில் இத்தகைய சந்தை ஒன்று கூட வேண்டுமானால், முதலில் தேவைப்படுவோர் அதை வாங்கும் மனமுடைய மக்களே.