குடியை விட்டேன், தூக்கம் என்னை விட்டதே!

கேள்வி: இருபது ஆண்டுகளாகத் தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் விஸ்கி குடித்துவந்தேன். நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. கை நடுக்கம், வியர்வை எல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டன. தூக்கம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. பதினொரு மணிக்குப் படுத்தால் ஒரு மணிவரை புரள்கிறேன். கண் அசந்தாலும் மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு. குடித்த காலத்தில் தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிடுவேன். அப்படியானால் குடிதானே எனக்குத் தூக்கம் கொடுத்தது? ‘விஸ்கி வேண்டாம், கள் குடி. இயற்கையானது, சுகமாகத் தூக்கம் வரும்’ என்கிறார் நண்பர். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கலாமே என்கிறாள் மனைவி. சாயங்காலம் ஏழு மணியானால் மனசு வேறு அலைபாய்கிறது. ஏன் இப்படி? என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செகந்திராபாத்

பதில்: குடித்தீர்கள், தூங்கினீர்கள். நிறுத்தினீர்கள், தூக்கம் போயிற்று. ஆகவே தூக்கத்தைக் கொடுத்தது குடி. உங்கள் வாதம் நீதிமன்றத்தில்கூட நிற்கும் போலிருக்கிறது, ஐயா! உடம்பு மட்டும்தான் அதை ஒப்புக்கொள்ளாது.

மது சீக்கிரம் கண்ணைச் சொருக வைக்கும் என்பது உண்மை. அதற்குப் பிறகு நடப்பதுதான் வேறு. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. வழக்கமான விஸ்கியில் அது ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரித்துத் தீர்க்கும். பழகிய உடம்பு கொஞ்சம் வேகமாகத் தீர்க்கலாம். ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தால் பாதி ராத்திரிக்குமேல் ரத்தத்தில் மதுவின் அளவு வெகுவாக இறங்கியிருக்கும், தூக்கமும் அத்தோடு கலையத் தொடங்கும். முன்னிரவில் மது அமுக்கி வைத்த கனவு உறக்கம் (கண்மணிகள் வேகமாக அசையும் உறக்க நிலை) பின்னிரவில் பாக்கியை வசூலிக்க வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களுக்கு, உடம்பைப் பழுதுபார்க்கும் ஆழ்ந்த உறக்கமும் குறைந்துவிடுகிறது. ஆகவே அப்போதும் நீங்கள் நடுராத்திரியில் பலமுறை விழித்திருப்பீர்கள். காலையில் நினைவில்லை, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் மனைவியைக் கேளுங்கள். தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மது கிளப்பும் குறட்டையைப் பற்றி அவரிடம் விரிவான சாட்சியம் இருக்கும்.

சரி, நிறுத்திய பிறகு ஏன் இத்தனை மோசம்? மூளையில் காபா என்றொரு ரசாயனம் இருக்கிறது, நரம்புகளை அமைதிப்படுத்துவது. குளூட்டமேட் என்று இன்னொன்று, தட்டி எழுப்புவது. மது முன்னதற்குத் துணைபோகிறது, பின்னதை அடக்குகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? காபாவுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொண்டு, குளூட்டமேட் பக்கத்தைப் பலப்படுத்திக்கொள்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரென்று கையை விட்டால் எதிர்ப்பக்கத்தார் என்ன ஆவார்கள்? மது போன மறுநாள் உங்கள் நரம்பு மண்டலத்துக்கு நேர்ந்தது அதுதான். நடுக்கமும் வியர்வையும் அந்தச் சரிவின் ஆரவாரமான பகுதி, சில நாளில் அடங்கிவிடும். தூக்கம்தான் மெல்லச் சீராகும். பலருக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தேறுகிறது, சிலருக்கு ஆறு மாதமோ அதற்கு மேலுமோ ஆகிறது. மூன்றாவது வாரத்தில் நீங்கள் விழித்துக் கிடப்பது நோய் முற்றியதற்கு அடையாளம் அல்ல, மூளை கணக்கைச் சரிசெய்துகொண்டிருப்பதற்கு அடையாளம். இடையில் ஒரு ராத்திரி நீங்கள் குடிப்பதுபோலக் கனவு வரலாம். திடுக்கிட்டு எழுந்து வாயை முகர்ந்து பார்ப்பவர்கள்கூட உண்டு. பயப்பட வேண்டாம், திரும்பி வருகிற கனவு உறக்கத்தின் வேலைதான் அது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் நிறையக் குடிப்பவர்கள் வீட்டிலேயே சட்டென்று நிறுத்திப் பார்க்கக் கூடாது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் டெலிரியம் எனப்படும் சித்தப் பிரமை வரலாம்: இடம், நேரம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்குக்காக மதுக்கடைகளை மூடியபோது ஹைதராபாத் எர்ரகடாவில் உள்ள அரசு மனநல மருத்துவமனைக்கு ஒரே நாளில் நூறு பேர் அளவில் இந்த நிலையில் வந்தார்கள். அதே வாரத்தில் கேரள அரசு, டாக்டர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று ஆணையிட்டு, உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அது தேவையும் இல்லை; குளோர்டயஜெப்பாக்சைடு, டயஜீபாம் போன்ற மருந்துகளைச் சில நாட்களுக்கு அளவு குறைத்துக்கொண்டே கொடுத்து, கூடவே தயமின் (பி1 வைட்டமின்) சேர்த்தால் இந்தக் கட்டத்தைப் பத்திரமாகக் கடத்திவிடலாம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

இனி உங்கள் நண்பருக்கு வருகிறேன். ‘இயற்கையான கள்’ என்பது பனையடியிலோ ஈச்சமரத்தடியிலோ நின்று குடித்தால் பொருந்தலாம். ஹைதராபாத் ‘கல்லு காம்பவுண்டு’களுக்கு (கள்ளுக்கடைகளுக்கு) அந்தப் பெயர் ரொம்ப அதிகம். நகரத்துக்குள் 2004-ல் மூடப்பட்ட கள்ளுக்கடைகள், தெலங்கானா பிறந்த 2014-ல் மீண்டும் திறந்தன. இத்தனை காம்பவுண்டுகளுக்கும் போதுமான மரங்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பாதி விடை தெரிந்துவிடும். மீதிப் பாதியைக் கலால் துறையின் வழக்குகள் சொல்லும். தண்ணீர் கலந்து வீரியம் இழந்த கள்ளுக்குப் போதை ஏற்றக் குளோரல் ஹைட்ரேட் (பத்தொன்பதாம் நூற்றாண்டில் டாக்டர்களே கொடுத்த பழைய தூக்க மருந்து), டயஜீபாம், அல்பிரசோலம் ஆகியவற்றைக் கலக்கிறார்கள். நண்பர் சொன்ன ‘சுகமான தூக்கம்’ மரத்திலிருந்து இறங்கியதில்லை, ரசாயன ஆலையிலிருந்து வந்தது.

தெலங்கானா இதற்குக் கொடுத்த விலை பெரியது. 2015-ல் கலப்படக் கள்ளுக்கு எதிராக அரசு கெடுபிடி காட்டியபோது நிஜாமாபாத், மகபூப்நகர் மாவட்ட மருத்துவமனைகள் நிரம்பின. கள் கிடைக்காமல் வலிப்பும் பிரமையும் கண்டவர்கள், ‘நாங்கள் கள்தானே குடித்தோம், சாராயம்கூட இல்லையே’ என்று திகைத்த குடும்பங்கள். கலப்படமில்லாத கள்ளை நிறுத்தினால் இந்தத் தீவிரம் இராது. அவர்கள் தங்களுக்கே தெரியாமல் மாத்திரைக்கு அடிமையாகியிருந்தார்கள். 2025 ஜூலையில் ஹைதராபாத்தின் குகட்பள்ளிப் பக்கத்துக் காம்பவுண்டுகளில் குடித்தவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகி, பலர் நிம்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்தார்கள். எடுத்த கள் மாதிரிகளில் அல்பிரசோலம் இருந்தது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். உங்கள் மனைவி சொல்லும் தூக்க மாத்திரையை வாங்கப் போனால், பல கடைகளில் முதலில் கைக்கு வருவது எது? அதே அல்பிரசோலம்! நண்பரும் மனைவியும் எதிரெதிர் வழி காட்டுவதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே வாசலுக்குத்தான் அழைத்துப்போகிறார்கள். இந்த மருந்து வேலை செய்வதும் மது தட்டிய அதே காபாக் கதவில்தான். ஆகவே மூளைக்குக் கிடைப்பது குவார்ட்டருக்கு மாற்றாள். சீர்திருத்தம் அங்கேயே நின்றுவிடும். சில வாரங்களில் பழகிப்போகும், நிறுத்தினால் தூக்கமின்மை இன்னும் பலமாகத் திரும்பும். மாத்திரை போட்ட அன்று ஆசை மிஞ்சிக் குடித்தும்விட்டால் மூச்சே அடங்கிவிடக்கூடும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்பதோடு, வாங்கியவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் 2014 முதல் சட்டம் இருக்கிறது. கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை.

மாத்திரை இல்லாமல் தூங்க வைக்கும் முறை ஒன்று உண்டு. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். படுக்கையைப் பற்றி மூளை கற்றுவைத்திருக்கும் தப்பான பாடத்தை மாற்றுவது, அவ்வளவுதான். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-ல் வகுத்த விதிகள் இதன் அடிப்படை: தூக்கம் வந்தால்தான் படுக்கைக்குப் போகவேண்டும். இருபது நிமிஷம் போலப் புரண்டும் வரவில்லையானால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கிய விளக்கில் சுவாரசியமில்லாத எதையாவது செய்யவேண்டும். (போன் சுவாரசியமானது, ஆகவே கூடாது.) கண் சொருகினால் திரும்பலாம். காலையில் எழும் நேரம் மட்டும் மாறவே கூடாது, ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் சரி. பகல் தூக்கம் வேண்டாம். உங்கள் விஷயத்தில் பதினொரு மணிக்கே படுத்துவிடுவதுதான் தப்பு. இரண்டு மணி நேரம் கவலைப்படுவதற்காகப் படுக்கிறீர்கள்! பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்து பாருங்கள். முதல் வாரம் பகலெல்லாம் அசதியாக இருக்கும், அந்த அசதிதான் மருந்து. தூக்கம் இறுகியபின் கால் கால் மணியாக முன்னால் நகர்த்திக்கொள்ளலாம். வலிப்பு வந்தவர்களும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இப்படிப் படுக்கை நேரத்தைக் குறைக்கக் கூடாது.

ஹைதராபாத்துக்கே உரிய ஒரு எதிரியையும் சொல்லிவிடுகிறேன். குடியை விட்டவர்கள் சாயங்காலத்தை நிரப்ப இரானி ஓட்டலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு சாய், இரண்டு உஸ்மானியா பிஸ்கட், இன்னொரு சாய். நல்ல பழக்கம்தான், காலையில். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். இரானி சாயோ மணிக்கணக்கில் கொதித்த டிகாக்‌ஷன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம்.

ஏழு மணி ஆசைக்கும் இந்தத் தூக்கத்துக்கும் உறவு இருக்கிறது. தூங்காதவர்கள் மறுபடி குடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பசி, கோபம், தனிமை, அசதி — இந்த நாலில் எது வந்தாலும் ஜாக்கிரதை என்பது குடிநோயாளர் சங்கங்களில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடங்களில் ஒன்று. வேலை முடிந்து வெறும் வயிற்றோடு வீடு திரும்பும் ஏழு மணியில் இவற்றில் குறைந்தது இரண்டாவது இருக்கும். ஆறரைக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். ஆசையின் வேகம் குறைவதைப் பார்ப்பீர்கள். ‘வைன்ஸ்’ (மதுக்கடை) இல்லாத தெரு வழியாக வாருங்கள். இந்த ஊரில் அப்படி ஒரு தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும்.

அதையும் மீறி ஆசை எழுந்தால், அதை அடக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அடக்க அடக்க அதைப் பற்றியே நினைப்பீர்கள். மறுகுடியைப் பற்றி ஆராய்ந்த ஆலன் மார்லட் வேறு வழி சொன்னார்: பணியவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம், கவனித்துக்கொண்டு மட்டும் இருங்கள். தொண்டை வறள்கிறதா, வயிறு இறுகுகிறதா, கை துறுதுறுக்கிறதா என்று. தீனி போடாத ஆசை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கிவிடும். அந்த அரை மணியை மட்டும் கடத்தினால் போதும், ஆயுள் முழுவதையும் இன்றைக்கே கடத்த வேண்டியதில்லை. ஆஷாடத்தில் போனாலு திருவிழா வரும். சொந்தம், சிநேகிதம் எல்லாம் தாவத்துக்கு (விருந்துக்கு) அழைக்கும். அங்கே போய் யோசிக்காதீர்கள். ‘வத்து அன்னா (வேண்டாம் அண்ணா), மருந்து சாப்பிடுகிறேன்’ என்ற ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். காரணங்களை அடுக்கினால் எதிராளி ஒவ்வொன்றாகத் தகர்ப்பார்.

மருந்து சாப்பிடுவது பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், குளூட்டமேட்டைச் சமன்செய்ய அகாம்ப்ரோசேட் என்று நல்ல மருந்துகள் உண்டு. இவை பழக்கம் ஆவதில்லை. டைசல்ஃபிராம் என்று இன்னொன்று. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். நம் வீடுகளில் இதைச் சாம்பாரிலும் மோரிலும் ரகசியமாகக் கலந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தெரியாமல் குடித்தவருக்கு இதயமே பாதிக்கப்படலாம். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லிவையுங்கள். அவர் செய்யமாட்டார், ஆனால் அவரிடம் யோசனை கேட்கும் அக்கம்பக்கத்தார் செய்யக்கூடும்.

எர்ரகடா என்றாலே இந்த ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சென்னையில் கீழ்ப்பாக்கத்துக்கு நேர்ந்த கதிதான். பொருட்படுத்தாதீர்கள். உங்களைப் போன்றவர்களை அதிகம் பார்த்துத் தேறிய டாக்டர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த வாரமே வெளிநோயாளர் பிரிவுக்கு ஒருமுறை போய்வாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. நேரில் போகத் தயக்கம் என்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416. டெலி-மானஸில் இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.