அணிமொழிகளுக்கிடையே கணிநிரல் பெயர்ப்பு: வான்படிமக் கணக்கீட்டை முன்வைத்து

முன்னுரை

சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1968ஆம் ஆண்டு 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வான்நோக்குப் பணி தொடங்கியது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. இத்தகைய நிலையங்களில் மின்னணு உணரி பதியும் படிமம், ஒளியளவுகள் நிரை நிரலாக அமைந்த ஓர் அணியே ஆகும். அதனைத் திருத்தும் கணிநிரல்களை மேட்லேப் என்னும் வணிக மொழியிலிருந்து திறந்த மூல மொழியான சைலாபுக்குப் பெயர்க்கையில் எழும் பொருள்மயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவ வேறுபாடும் பொருள் வேறுபாடும்

குறிப்புரையை மேட்லேப் விழுக்காட்டுக் குறியாலும் சைலாப் இரட்டைச் சாய்கோட்டாலும் தொடங்கும். இவ்வேறுபாட்டைக் கவனியாது விட்டால் பிழைச்செய்தி எழும். ஆதலின் தீங்கு சிறிது. ஒரே சொல் இருமொழியிலும் வழங்கிப் பொருள் மட்டும் வேறுபடுவதே இடர். தமிழில் பெருக்கைக் குறிக்கும் ‘வெள்ளம்’ மலையாளத்தில் நீரைக் குறிப்பது போன்றது இது.

சராசரிச் சார்பு இதற்குத் தக்க சான்று. அணியொன்றைத் தந்தால் மேட்லேப் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனிச் சராசரி தரும். சைலாப் அணி முழுமைக்கும் ஒரே சராசரி தரும். முதல் நிரை 100, 200 எனவும் இரண்டாம் நிரை 102, 204 எனவும் கொள்க. மேட்லேபின் விடை 101, 202. சைலாபின் விடை 151.5.

இவற்றை அணியிலிருந்து கழித்தால் மேட்லேபில் -1, -2. 1, 2 எனவும், சைலாபில் -51.5, 48.5, -49.5, 52.5 எனவும் எஞ்சும். முன்னதில் நிரல்களின் அடிப்படை வேறுபாடு நீங்கியது. பின்னதில் அது அப்படியே நிற்கிறது. எனினும் பிழைச்செய்தி எழாது. அணியின் அளவும் மாறாது. இரண்டிலும் உறுப்புகளின் கூடுதல் சுழியே. எனவே கூடுதலை மட்டும் ஒப்பிடுவோர் பெயர்ப்பு சரியென்றே முடிவு செய்வர். உணரியின் குறை, வானத்தின் இயல்பாகப் பதிவாகிவிடும்.

தீர்வு

சைலாபில் நிரல்வாரியாகக் கணக்கிடுமாறு திசையை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். ஒற்றை நிரை அல்லது ஒற்றை நிரலைக் கொண்டு சோதித்தால் இரு மொழிகளும் ஒரே விடை தரும். பிழை மறைந்தே நிற்கும். நிரையும் நிரலும் எண்ணிக்கையில் வேறுபட்ட சிற்றணியை இருமொழியிலும் இயக்கி, உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடுதலே தக்க சோதனையாகும்.

முடிவுரை

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டம் போன்றவை கல்லூரி ஆய்வகங்களைத் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்ற முயலும் இக்காலத்தில் இக்கவனம் இன்றியமையாதது. மொழிபெயர்ப்பைப் போன்றே கணிநிரல் பெயர்ப்பிலும் சொல்லொப்புமை பொருளொப்புமைக்குச் சான்றாகாது.