கைக்கூலி வழக்கும் காதி மன்றும்

இலங்கைச் சட்டப் புத்தகத்திலே தமிழ்ச் சொல்லொன்று ஆங்கில எழுத்தில் அப்படியே அமர்ந்திருக்கின்றது. அஃது ‘கைக்கூலி’ என்பதாம். பொது வழக்கில் இலஞ்சத்தைக் குறிக்கும் இச்சொல், 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் வேறு பொருளுடையது. மணமகளின் உபயோகத்துக்கென அவளுடைய உறவினரோ பிறரோ மணமகனுக்குக் கொடுத்த, அல்லது கொடுப்பதாக வாக்களித்த, பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி. மணம் முறியுமிடத்து அதனை மீட்டுத் தருமாறு பெண் கேட்கலாம்.

அவ்வாறு கேட்குமிடம் காதி நீதிமன்று. 1929 இல் இயற்றப்பெற்று 1937 இல் நடைமுறைக்கு வந்த கட்டளைச் சட்டத்தின் வழியே இம்மன்றுகள் தோன்றின. 1954 ஆவணி முதலாந் திகதி முதல் 1951 இன் சட்டம் அவற்றை ஆள்கின்றது. காதியாரை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. அவர் முன்னிலையிலே சட்டத்தரணிகள் தோன்றுதல் ஆகாது. செலவு குறையும் என்பது மெய்யே. ஆயினும், நாவன்மை இல்லாதவருக்கு வாய் கொடுப்பார் யார் என்னும் ஐயம் எமக்கு உண்டு. கணவனின் குற்றங் காட்டி மனைவி ‘பஸஹ்’ கோருங்கால், முஸ்லிம் அசெசர்கள் மூவர் காதியாருக்குத் துணையிருப்பர்.

சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு குடும்பம் பிரிகின்றதெனக் கொள்வோம். இக்கரையோரத்தில் மகளுக்கு வீடு கொடுத்தலும், மாப்பிள்ளை அவ்வீட்டிற் குடிபுகுதலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாய் வந்த வழமை. ஆதலின் இங்கே பெருஞ் சொத்து வீடேயாம். கொடுத்த ரொக்கத்தைக் காதியாரிடங் கேட்கலாம். வீட்டு வளவு மருமகன் பெயருக்கு எழுதப்பட்டிருப்பின், அஃது அசையாப் பொருளாதலின் கைக்கூலி ஆகாது. கல்முனை மாவட்ட நீதிமன்றையே நாடவேண்டும். மகள் பெயருக்கே உறுதி முடிக்கும் தந்தையர் இத்தொல்லையினின்று தப்புகின்றனர். பிள்ளை எவரிடம் வளர்வது என்பதும் காதியாரின் அதிகாரத்துக்குப் புறம்பானதே.

தாபரிப்புப் பணத்துக்கோ காதியார் கட்டளையிடலாம். ஆனால் கணவன் கொடாதொழியின் அதனைத் தாமே அறவிட இயலாது. அவர் அத்தாட்சிப்படுத்தி அனுப்ப, நீதவான் நீதிமன்று குற்றப்பணம் அறவிடுமாறு போல அதனை அறவிடும். இவ்விதம் ஒரே பிணக்கு மூன்று வாயில்களிலே பிரிந்து நிற்கின்றது. கைக்குழந்தையோடு நாளைக்கோரிடமாய்த் தவணைக்கு அலைபவள் அப்பெண்ணே. தீர்ப்பு ஒவ்வாதாயின் மேன்முறையீடு கொழும்பிலுள்ள காதிகள் சபைக்கு. அதன்மேல், அனுமதி பெற்று, மேன்முறையீட்டு நீதிமன்றுக்கு. கிழக்குக் கரையிலிருந்து கொழும்புப் பயணம் எத்துணைச் செலவுடையது என்பதை நம் வாசகருக்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டா.

காதிப் பதவிக்கு முஸ்லிம் ஆண்மகனே உரியவன் என்பது 1951 இன் சட்டம் விதித்த விதி. சட்டத் திருத்தத்தை ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018 இலேதான் அறிக்கை கையளித்தது. அப்பொழுதும் உறுப்பினர் ஒருமனப்படவில்லை. நீதவான் ஆசனத்திலோ பெண்கள் அமர்கின்றனர். காதியாரின் தாபரிப்புக் கட்டளையை ஒரு பெண் நீதவான் அறவிட்டுக் கொடுத்தல் கூடும். அக்கட்டளையைத் தாமே பிறப்பிக்கும் ஆசனத்தில் அவர் அமர்தல் இச்சட்டத்தின்படி கூடாது.