அத்திப் பூ ஆராய்ச்சி



நெடுநாள் கண்ணிற் படாத ஒருவர் திடீரென வாயிலில் வந்து நின்றால், "என்ன, அத்தி பூத்தாற் போல வந்திருக்கிறீர்களே!" என்று வரவேற்பது தமிழர் வழக்கம். நாம் வாழும் இக்கொல்கத்தா மாநகரத்து வங்காளிகளும் இவ்வாறே கூறுகின்றனர். அவர்கள் அத்தியை டுமுர் என்பர். வராத உறவினரைப் பார்த்து, "நீ டுமுரேர் பூல் ஆகிவிட்டாயே" என்பர். அத்திப் பூ ஆகிவிட்டாய் என்பது அதன் பொருள். மொழி இரண்டாயினும் வியப்பு ஒன்றே. காய் கொத்துக் கொத்தாகக் காய்க்கின்றது. பூவை மட்டும் ஒருவரும் கண்டதில்லை!

இதனை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் உபாசகர் சிலர் கைப்பேசியில் ஒரு படத்தை ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொள்கின்றனர். இரும்புக் கம்பியின் மேலும் இலையின் மேலும் மயிரிழை போன்ற காம்புகளில் வெண்மணிகள் நிற்கும் படம் அது. "மூவாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை மலரும் உதும்பர மலர் மலர்ந்துவிட்டது, மைத்திரேய புத்தர் வருகைக்கு இதுவே அறிகுறி, பத்துப் பேருக்கு அனுப்புக" என்று அதன்கீழ் எழுதப்பட்டிருக்கின்றது. கொரியாவிலும் சீனத்திலும் இத்தகைய செய்தி பன்முறை எழுந்துளது. புத்தர் திருவுருவத்தின் மேலேயே இம்மலர் தோன்றியதென்று மக்கள் திரண்டதும் உண்டு. பூச்சிநூல் வல்லோர் ஆய்ந்து கூறியது யாதெனில், அவை மலரல்ல, முட்டைகள் என்பதே. வலை போன்ற மெல்லிய சிறகுடைய பச்சைப் பூச்சியொன்று தன் முட்டைகளை எறும்பு தின்னாதிருக்கும் பொருட்டு நூல் போன்ற காம்பின் நுனியில் இட்டுச் செல்கின்றது. தாய்ப்பூச்சியின் அறிவு போற்றத்தக்கதே. ஆயினும் அதனை வணங்குதற்கு இடமில்லை.

உதும்பரம் என்பது பாலிமொழிச் சொல். வடமொழியிலும் ஏறக்குறைய அதுவே. நம் நாட்டு அத்திமரமே அது. வேறு தெய்வ மரம் அன்று. சுத்தநிபாதத்தின் முதற் சூத்திரமாகிய உரக சூத்திரத்தில், பிறவிகளுள் நிலையான சாரம் ஒன்றும் இல்லையென்று கண்ட துறவிக்கு, அத்திமரத்தில் பூவைத் தேடிக் காணாதவன் உவமையாகின்றான். வடநாட்டு மகாயான நூலாகிய சத்தர்ம புண்டரீகமோ, புத்தர் தோற்றமும் அறவுரை கேட்டலும் எத்துணை அரியன என்பதற்கு உதும்பர மலரை உவமை கூறுகின்றது. மூவாயிரம் ஆண்டுக் கணக்கு பிற்காலத்தே சேர்ந்தது. ஒரு நூல் "இல்லை" என்பதற்கும், மற்றொரு நூல் "அரிது" என்பதற்கும் ஒரே பூவை எடுத்தாண்டன. இவை உவமைகள், மரநூற் பாடங்கள் அல்ல. கிளையில் பூவைத் தேடுபவன் அதனைக் காணமாட்டான் என்பது இன்றும் உண்மையே. உவமையைச் செய்தியாக்கிப் பரப்பும்போதுதான் பிழை நேர்கின்றது.

அங்ஙனமாயின் அத்திக்குப் பூவே இல்லையோ? உண்டு. ஒன்றன்று, நூற்றுக்கணக்கில் உண்டு. நாம் காய் என்று கருதும் உருண்டையே பூக்களை உள்ளே அடக்கிய ஒரு பை. ஒரு சூரியகாந்திப் பூத்தட்டினைச் சுருக்குப்பை போல் உட்புறமாக மடித்து, வாயை இறுகக் கட்டினால் எப்படியிருக்கும்? அத்தி அத்தகையது. சுவரின் உட்புறம் முழுதும் நெருங்கி நிற்கும் மெல்லிய இழைகள் அனைத்தும் பூக்களே. காம்புக்கு எதிர்ப்புறத்தில் சிறு செதில்களால் அடைபட்ட ஒரு துளை இருக்கின்றது. தேனீயும் வண்டும் அதனுள் நுழையமாட்டா.

நுழைவது ஒரு சிறு குளவி. கொசுவினும் சிறியது. ஒவ்வோர் அத்தியினத்துக்கும் பெரும்பாலும் அதற்குரிய குளவியினம் தனியே உண்டு. ஆலுக்குரியது அரசுக்கு உதவாது. பெண்குளவி அச்செதில்களிடையே நெருக்கி நுழையும்போதே அதன் சிறகுகள் முறிந்துபோகின்றன. உள்ளே சென்று, தான் பிறந்த காயிலிருந்து கொணர்ந்த மகரந்தத்தைப் பூக்களின் மேல் சேர்க்கின்றது, குறுகிய சூல்தண்டுடைய பூக்களில் முட்டையிடுகின்றது, அங்கேயே மடிகின்றது. முட்டைகளிலிருந்து முதலில் ஆண்குளவிகள் வெளிவரும். அவற்றுக்குச் சிறகே இல்லை. அவை பெண்குளவிகளோடு கூடி, காயின் சுவரைக் கடித்து வெளியேற வழி அமைத்துவிட்டு, பெரும்பாலும் அந்த இருட்டிலேயே இறந்துபடும். பெண்குளவிகள் அவ்வழியே மகரந்தத்தோடு பறந்து வேறொரு பிஞ்சத்தியைத் தேடும். அதன் பின்னரே காய் கனிந்து சிவக்கின்றது. குளவியின்றி அத்திக்கு விதையில்லை. அத்தியின்றிக் குளவிக்கு வீடில்லை. இது இருப்பதனால் அது உண்டாகின்றது என்னும் காரணகாரியத் தொடர்ச்சியை மாணவர்க்கு விளக்கப் பெரிய நூல்களைத் தேடி அலைவானேன்? ஓர் அத்திக்காய் போதுமே.

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்ற நம் பழமொழியும் இக்குளவிகளைப் பற்றியதே. நம் முன்னோர் புழுவைக் கண்டனர். அருகிலிருந்த பூவைக் காணவில்லை. பழந்தமிழில் ஆல், அத்தி முதலியவற்றுக்குக் கோளி என்று பெயர். பூவாது காய்க்கும் மரம் என்பது பொருள்.

இவ்வாராய்ச்சியில் நம் கொல்கத்தாவுக்குச் சிறப்பான பங்குண்டு. ஆற்றுக்கு அக்கரையில், ஹவுராவைச் சேர்ந்த சிப்பூரில், 1787-ஆம் ஆண்டில் கர்னல் ராபர்ட் கிட் என்பவர் முயற்சியால் ஒரு தாவரத் தோட்டம் அமைக்கப்பட்டது. இன்று அது ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் பெயரால் வழங்குகின்றது. 1871 முதல் அதன் தலைவராயிருந்த ஜார்ஜ் கிங், இந்திய, மலாய், சீன நாடுகளின் அத்தியினங்களைப் பற்றிய பெருநூலை 1887, 1888 ஆண்டுகளில் வெளியிட்டார். காயினுள் ஆண்பூ, பெண்பூ என்பவற்றோடு, குளவி வளர்தற்கே உரிய பூ என்ற ஒரு வகையும் உளதென்று அதில் விளக்கினார். இந்நகரில் பணியாற்றிய டி. டி. கன்னிங்ஹாம் என்னும் மருத்துவர், பூச்சி உட்புகுவதற்கும் காய் முதிர்வதற்கும் உள்ள தொடர்பை ஆய்ந்து 1889-இல் எழுதினார். (புத்தகயையில் 1876-இல் வீழ்ந்த அரசுக்குப் பதிலாக 1881-இல் கன்று நட்ட அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் வேறொருவர்.) அறிஞர் சொல்லை உழவரும் தம் அனுபவத்தில் கண்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிமிர்னா அத்தி நட்டவர்கள், மரம் தழைத்தும் காய் பிஞ்சிலேயே உதிர்வதைக் கண்டு மனம் நொந்தனர். 1899-இல் குளவியைக் கொணர்ந்து விட்ட பின்னரே பழம் நின்றது.

சிப்பூர்த் தோட்டத்தைச் சொல்லிவிட்டு அங்குள்ள பேராலமரத்தைச் சொல்லாது விடல் ஆகுமோ? ஆலும் அத்தியின் குலமே. இம்மரம் இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்டது. 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டு, காளான் நோய் பற்றி, அடிமரம் அழுகிற்று. 1925-இல் அடிமரத்தை அறவே வெட்டி அகற்றினர். மரமோ சாகவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளின் மேல் நின்று, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் சுற்றளவுக்கு இன்றும் படர்ந்துளது. 2020-ஆம் ஆண்டு மே மாதத்து அம்பன் புயலிலும் சேதமுற்றது, ஆயினும் நிற்கின்றது. பார்ப்போர், "மரம் எங்கே?" என்று கேட்பர். எது மரம்? அடிமரமா, விழுதா, கிளையா? அனாத்மத்தைப் பற்றி வினவும் புதிய உபாசகர்களை நாம் அங்கு அழைத்துச் சென்று, இக்கேள்வியை அவர்களிடமே விட்டுவிடுவது வழக்கம்.

புறநானூற்றின் 58-ஆம் பாட்டில் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் இதே காட்சியைக் கூறியிருப்பது நமக்குப் பெருவியப்பு. அடிமரம் அழிந்த கோளியாலின் கிளைகளை விழுதுகள் தாங்கினாற் போல, முன்னோர் மறைந்த பின்னும் தளராது குடியைத் தாங்குபவன் என்று பாண்டியனைப் பாராட்டுகின்றார். சிப்பூர் மரத்தைப் பாராத புலவர், சிப்பூர் மரத்தையே பாடியது போலிருக்கின்றது!

இனி நம் சமயத்தில் இக்குலத்து மரங்கட்குள்ள இடத்தைச் சுருங்கக் கூறுவோம். மகாபதான சூத்திரம் ஏழு புத்தர்களையும் அவரவர் போதி மரங்களையும் கூறுகின்றது. அவ்வேழனுள் கடைசி மூவர்: கோணாகமனர் உதும்பரத்தின் கீழும், காசியபர் ஆலின் கீழும், நம் கௌதமர் அரசின் கீழும் போதம் பெற்றனர். மூன்றும் பூவை உள்ளே மறைத்த மரங்களே. போதம் பெற்றபின் பகவன் சில நாள் அஜபாலம் என்னும் ஆலின் நிழலில் அமர்ந்திருந்தார். ஆடு மேய்ப்போர் தங்கும் மரம் அது. அங்குச் செருக்குடைய ஒரு பார்ப்பனன் வந்து, ஒருவனைப் பிராமணனாக்குவது எது என்று வினவ, தீமையை நீக்கி, செருக்கற்று, தன்னை அடக்கி வாழ்வதே என்று விடை கூறியதாக விநயபிடகத்து மகாவக்கம் உரைக்கின்றது. பிறப்பைப் பற்றி அவ்விடையில் ஒரு சொல்லும் இல்லை. நம்மைப் போன்றோர் அம்மரத்தை மறத்தல் கூடாது.

ஆயின் அரசைச் சுற்றினால் பிள்ளை பிறக்கும், ஆலில் நூல் கட்டினால் நோய் தீரும் என்பன நம் நெறியல்ல. இங்கு வங்காளத்தில் ஆலடியில் சஷ்டி தேவியை வைத்துப் பிள்ளைநலம் வேண்டுகின்றனர். அஃது அவர்கள் மரபு. நாம் போதிமரத்தை வணங்குவது, பகவன் பயன்படுத்திய பொருள் என்ற முறையில். பாரிபோகிகம் என்று நூல்கள் கூறுவது இதனையே. மரம் வரம் தருவதில்லை. சுவர் வெடிப்பில் பறவை எச்சத்தால் முளைத்தால் அதே அரசு வீட்டையே பிளக்கும். நாம் சணல் ஆலையில் தறி ஓட்டிய காலத்தில், ஆலை மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க அஞ்சி ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்க, மதிலே சாய்ந்தது. சிறு கன்றாயிருக்கும்போதே வேரோடு எடுத்து மண்ணில் நடுவது மரத்துக்கும் நன்று, மதிலுக்கும் நன்று.

இப்போது அடுக்களைக்கு வருவோம். கொல்கத்தாச் சந்தைகளில் இருவகை டுமுர் உண்டு. செம்பழமாகக் கனியும் நம் நாட்டு அத்தி யக்ஞ டுமுர். சுரசுரப்பான இலையுடைய பேயத்தி காக டுமுர். இரண்டையும் பிஞ்சாகவே சமைப்பர். வங்காள மாதர் கையில் கடுகெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவர். இன்றேல் அதன் பால் பிசினாய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாகப் பிளந்து, உள்ளிருக்கும் துருவல் போன்ற பகுதியைச் சுரண்டி எறிந்து, உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுவர், துவர்ப்பு நீங்கும். பின்னர்ச் சீரகமும் பிரிஞ்சி இலையும் தாளித்து, உருளைக்கிழங்கு வதக்கி, இஞ்சி விழுதும் சீரகப் பொடியும் சேர்த்து, காயை இட்டு, இறக்கும்போது சிறிது நெய்யும் கரம் மசாலையும் சேர்ப்பர். இதுவே டுமுரேர் டால்னா. இறால் சேர்ப்போரும் உளர். நம் ஊரில் துவரம்பருப்புடன் கூட்டாகவோ, தேங்காய் தூவிப் பொரியலாகவோ செய்வோம், அதுவும் இழிந்ததன்று. படாபஜாரில் கயிற்றில் கோத்து விற்கும் உலர்ந்த அத்தி, மேற்கு நாடுகளின் சீமையத்தி. இனம் வேறு, குலம் ஒன்று.

மேலே கூறிய சமையலில் ஒன்றைக் கவனித்தீர்களா? சுரண்டி எறிந்தார்களே அந்தத் துருவல், அதுதான் அத்திப் பூ! காலையில் நூற்றுக்கணக்கான அத்திப்பூக்களைக் குப்பையில் கொட்டிய அம்மையாரே, மாலையில் வந்த தம்பியைப் பார்த்து, "டுமுரேர் பூல் ஆகிவிட்டாயே" என்கின்றார்.

ஓர் ஐயம் எஞ்சியுளது. பஞ்சசீலம் ஏற்ற பின் அத்தியை உண்ணலாமோ என்று உபாசிகைகள் சிலர் கேட்டனர். சமணர் அத்தி, ஆல், அரசு முதலிய ஐவகைக் கனிகளை உயிர்கள் நிறைந்தன என்று விலக்குவர். அவர்தம் கொள்கையை மதிக்கின்றோம். நம் நூல்களோ, உயிர் ஒன்று இருத்தல், அதனை அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் உயிர் போதல் ஆகிய ஐந்தும் கூடினாலன்றிக் கொலை முற்றுப்பெறாது என்கின்றன. பிக்குவின் எட்டுப் பொருள்களுள் நீர் வடிகட்டி ஒன்று. அஃது அறியாமைக்குச் சாக்குச் சொல்லாமல், பார்த்து அருந்துதற்கே தரப்பட்டது. அம்முறையே அத்திக்கும் ஏற்றது. குளவி நுழையாத இளம்பிஞ்சைத் தேர்ந்து கொள்க. நறுக்கிப் பார்த்து, புழு தென்படுவதை மரத்தடியிலோ தொட்டியிலோ இட்டுவிடுக. கனிந்த பழமாயின் பிட்டு, தட்டி, உயிருள்ளவை வெளியேற விட்டு உண்க. பாராமல் விழுங்குவதும், பாராமல் அஞ்சி விலக்குவதும் நமக்கு ஒவ்வா.

அடுத்த முறை டுமுர் வாங்குவோர் காய்களுள் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, கூரிய கத்தியால் காம்பிலிருந்து துளை வரை நேராகப் பிளந்து, பிள்ளைகளிடம் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுக்க. இழை இழையாக நிற்பவற்றை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கைப்பேசிப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும். பார்த்து முடிந்தபின், சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் காயையும் மற்றவற்றோடு மஞ்சள் நீரில் போட்டுவிடலாம்.