புகை சொல்லும் சாட்சி
(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)



தொழிற்பயிற்சிக்காக முண்டியம்பாக்கம் நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் இருந்தேன். கரும்பு விவசாயி ஒருவர் பழைய டர்போ டீசல் காரோடு வந்தார். பின்னால் ஒரே நீலப்புகை. இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றினேன்; எண்ணெய் வழிந்தது. "டர்போ சீல் போச்சுங்க ஐயா, மாத்தணும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

சாப்பிட்டு வந்த மேஸ்திரி கேட்டது ஒன்றுதான்: "எண்ணெய் திரும்பிப் போற வழியப் பார்த்தியாடா தம்பி?"

நான் பார்க்கவில்லை.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது எண்ணெய்ப் படலம். அங்குள்ள சீல் ரப்பர் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். காற்று, புகை இவற்றின் அழுத்தத்தை நம்பித்தான் அது எண்ணெயைத் தடுக்கிறது. எண்ணெயோ தன் எடையால் கீழே வடிந்து சம்புக்குப் போக வேண்டும். வடிகுழாய் அடைத்தாலும், பிரீதர் அடைத்துக் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலும், நல்ல சீலும் கசியும்.

எனவே வரிசையாகப் பாருங்கள்:

1. நிறம்: நீலம் என்றால் எண்ணெய். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது கூலன்ட்.

2. பிரீதர், வடிகுழாய் இரண்டும் திறந்திருக்கின்றனவா?

3. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு காய்ந்து, டர்போவைத் தாண்டிய குழாய் மட்டும் ஈரமென்றால் கசிவு டர்போவில். மேனிஃபோல்டே ஈரமென்றால் ரிங், வால்வு சீல் பக்கம் போங்கள்.

4. இன்ஜின் ஆறியபின் தண்டை ஆட்டுங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் கையில் தெரியும்படி ஆடினாலோ, சக்கரம் கூட்டில் உரசினாலோ டர்போ போய்விட்டது.

ஹோஸில் லேசான எண்ணெய்ப் பூச்சு பழைய வண்டிகளில் சகஜம். தேங்கி நின்றால் விடக்கூடாது. டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

அன்று வடிகுழாயில் கருகிய எண்ணெய் கட்டி தட்டியிருந்தது. நெடுந்தூரம் ஓடிவந்த சூட்டோடு உடனே இன்ஜினை நிறுத்தும் பழக்கத்தின் பலன் அது. ஒரு நிமிடம் ஐடிலில் விட்டிருந்தால் போதும். குழாயையும் இன்டர்கூலரையும் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றினோம். சைலன்ஸரில் மிச்சமிருந்த எண்ணெய் எரியும்வரை புகைந்தது. விக்கிரவாண்டி தாண்டித் திண்டிவனம் போய்த் திரும்புவதற்குள் புகை நின்றது.

விவசாயி பணத்தோடு வந்து நின்றார். "நகையை மீட்டுடுங்க ஐயா, டர்போ நல்லாத்தான் இருக்கு" என்றேன். "வட்டி மட்டுந்தானே போச்சு, விடு தம்பி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோழர்களே, புகை வெறும் சாட்சிதான். தீர்ப்பு எழுதுமுன் விசாரியுங்கள். நம் ஒரு வார்த்தையில் ஒரு வீட்டு நகை அடகுக்குப் போகிறது.