சூறைக்காற்றும் வீட்டுப் பூச்சிகளும்: மார்க்கம் காட்டும் வழி

 

நம் காங்கேயம் வட்டாரம் மழை மறைவுப் பூமி. கொறங்காடும் கிளுவை வேலியும் மேய்ச்சல் மாடுகளுமாக, வானத்தை அண்ணாந்து பார்த்தே வாழ்ந்து பழகியது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று இங்கே ஓயாது வீசும். தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதும் அந்தக் காற்றினால்தான். ஆனால் நம்மை நிலைகுலையச் செய்வது அதுவன்று. சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் தகித்துவிட்டு, அஸருக்குப் பின் திடீரென இடியோடு வரும் சூறைக்காற்றே அது. அரை மணி நேரத்தில் தென்னையைச் சாய்த்து, வாழையை ஒடித்து, தகரத்தைப் பெயர்த்துப் போய்விடும். அது ஓய்ந்த மறுகணம் அடுத்த படை புறப்படும். விளக்கைச் சுற்றி ஈசல், சுவரோரம் தேள், அடுப்படியில் எறும்பு, சில நாட்களில் கொசு!

இரண்டாண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலையில், கணவரை இழந்த மூதாட்டி ஒருவரின் வீட்டு ஓடுகள் பாதி பறந்துவிட்டன. மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் ஒருவர், "என்ன பாவம் செய்தாளோ, ரப்பு காட்டிவிட்டான்" என்றார். நாமும் அங்கே நின்றிருந்தோம். வாய் திறக்கவில்லை. மறுநாள் அந்த மூதாட்டியைக் காணச் சென்றபோது, கூரையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஏனுங் ஹஜ்ரத், பக்கத்துக் குடோனு வண்டு தண்ணிப் பானையில உழுந்து கெடக்குது. அந்தத் தண்ணியில ஒளுச் செய்யலாமுங்களா?" என்றுதான் கேட்டார். வீடு திறந்து கிடக்கிறது. அவருடைய கவலையோ தொழுகையைப் பற்றி! அன்று நாம் காத்த மௌனத்துக்கும், அவர் கேட்ட கேள்விக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

சோதனையா? தண்டனையா?

ஆது கூட்டத்தார் ஏழு இரவும் எட்டுப் பகலும் வீசிய காற்றால் அழிக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. ஃபிர்அவ்னின் கூட்டத்தார்மீது வெள்ளமும் வெட்டுக்கிளியும் பேனும் தவளையும் அனுப்பப்பட்டதையும் கூறுகிறது. அவை தண்டனை என்பதை நாம் எப்படி அறிந்தோம்? அல்லாஹ்வே அறிவித்ததால் அறிந்தோம். அடுத்த வீட்டு ஓடு ஏன் பறந்தது என்று நமக்கு எந்த வஹீ வந்தது?

மேகம் திரண்டு காற்று எழுந்தால் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிடும். வீட்டுக்குள் வருவார்கள், வெளியே செல்வார்கள். மழை பெய்த பின்னரே அமைதி அடைவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். காரணம் கேட்டபோது, ஆது கூட்டத்தாரும் மேகத்தைக் கண்டு மழை மேகமென்றே மகிழ்ந்தார்கள் என்பதை நினைவூட்டினார்கள். பாவமே அறியாத பெருமானார் அவர்கள் அஞ்சியது பிறரைச் சுட்டிக்காட்டியா? இல்லை. அவ்வச்சம் அவர்களை அல்லாஹ்வின் பக்கம் திருப்பியது. காற்றைக் கண்டு தன் பாவத்தை நினைப்பவர் முஃமின். பிறர் பாவத்தை எண்ணுபவர் தம் அமலைப் பாழாக்கிக் கொள்கிறார்.

மேலும், கொள்ளை நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கி மாண்டவர் ஆகியோரை ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. அங்கே சுவர் விழுந்து இறந்த முஃமினைப் பற்றி, மார்க்கம் தரும் பட்டத்தை மறந்துவிட்டு நாம் வேறு பட்டம் சூட்டலாமா?

காற்று வீசும்போது

காற்றை ஏசுவது தடுக்கப்பட்டுள்ளது. அது ஏவப்பட்ட படைப்பு. அதன் நன்மையை அல்லாஹ்விடம் கேட்பதும், அதன் தீங்கிலிருந்து காவல் தேடுவதுமே சுன்னத்து. மழை மிகுந்து சேதம் வந்தபோது, அதை எங்கள் மீதன்றிச் சுற்றுப்புறத்து மேடுகளிலும் ஓடைகளிலும் தோப்புகளிலும் பொழிவிப்பாயாக என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) துஆச் செய்தார்கள். மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வறண்ட பூமியில் வாழும் நமக்கு இதில் பெரிய பாடம் உண்டு.

துஆவோடு முயற்சியும் கடமை. ஒட்டகத்தைக் கட்டிய பின்பே தவக்குல் வைக்கும்படி கிராமவாசி ஒருவருக்கு நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். சித்திரை பிறக்குமுன் தகரத்தின் ஆணிகளையும் கம்பிக் கட்டையும் சரிபார்ப்பதும், வீட்டின்மேல் சாயும் காய்ந்த மட்டைகளை இறக்குவதும், இடி இடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்காமலிருப்பதும், அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்காமல் மின்வாரியத்துக்குச் சொல்வதும் ஒட்டகத்தைக் கட்டும் வேலைகளே.

ஹனஃபி மத்ஹபின்படி சில மஸ்அலாக்கள்:

1. கடும் மழை, சேறு, இரவில் கடுங்காற்று ஆகியவை ஜமாஅத்துக்கு வராமலிருக்கத் தக்க உத்ருகள். மழை நாளில் வீட்டிலேயே தொழுமாறு அறிவிக்க முஅத்தினுக்கு இப்னு அப்பாஸ் (ரலி) கட்டளையிட்டார்கள்.

2. மழைக்காக இரு தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவது நம் மத்ஹபில் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் சில நிபந்தனைகளோடு உண்டு. அவர்கள் தொழுவதைக் கண்டு நாம் சச்சரவு செய்யக் கூடாது.

3. தொழுதுகொண்டிருக்கையில் சுவர் இடிந்து ஒருவர் அபயக்குரல் எழுப்பினால், தொழுகையை முறித்து ஓடிக் காப்பாற்றுவது வாஜிபு.

4. அச்சமூட்டும் கடுங்காற்றின்போது தனித்தனியாக இரண்டு ரக்அத் தொழுது துஆச் செய்வது விரும்பத்தக்கது.

புயலும் பூச்சியும்

காற்றுக்கும் பூச்சிக்கும் தொடர்புண்டா என்று கேட்கலாம். 2018 மே மாதம் மெகுனு, அக்டோபரில் லூபான் என்ற இரு புயல்கள் அரபு நாட்டின் ரூபஉல் காலி பாலைவனத்தில் மழையைக் கொட்டின. மனிதர் கண்ணில் படாத அந்த மணற்பரப்பில் பசுமை தலைகாட்ட, வெட்டுக்கிளிகள் தலைமுறை தலைமுறையாகப் பல்கின. அவை ஏமன், ஆப்பிரிக்கா, ஈரான், பாகிஸ்தான் எனப் பரவி, 2020-ல் இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் வரை வந்து பயிரைத் தின்றன. நம்மூரில் தேங்கிய ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரிலும் நடப்பது இதுதான், அளவுதான் சிறிது.

டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் அன்று, நாம் சேமித்த தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. பகலில் கடிக்கிறது. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். குடிநீர் நாள்விட்டு நாள் வரும் ஊர்களில் தொட்டியில் சேமிக்காமல் முடியாது. எனவே மூடி அவசியம். இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும், தோல்பையின் வாயைக் கட்டவும், விளக்கை அணைக்கவும், படுக்குமுன் விரிப்பைத் தட்டிவிடவும் நபியவர்கள் ஏவியதை எத்தனை வீடுகளில் கடைப்பிடிக்கிறோம்? வெள்ளிக்கிழமை குளிப்புக்கு முன் வாரந்தோறும் தொட்டியைத் தேய்ப்பதை வழக்கமாக்கிக் கொண்டால் சுத்தமும் சுன்னத்தும் சேர்ந்து கிட்டும். பள்ளிவாசல் ஹவுளில் கப்பி, கம்பூசியா போன்ற சிறு மீன்களை விட்டால் கொசுப் புழுக்களைத் தின்றுவிடும். உயிருள்ள மீன்களால் தண்ணீருக்குப் பங்கமில்லை.

பூச்சிகள் பற்றிய மஸ்அலாக்கள்

1. ஓடும் இரத்தமில்லாத ஈ, கொசு, வண்டு, எறும்பு, தேள் முதலியவை தண்ணீரில் விழுந்து செத்தாலும் அது நஜீஸாகாது. எடுத்தெறிந்துவிட்டு ஒளுச் செய்யலாம். அம்மூதாட்டிக்கு நாம் சொன்ன பதிலும் இதுவே.

2. கொசு, மூட்டைப்பூச்சியின் இரத்தம் ஆடையில் பட்டிருந்தால் தொழுகை கூடும்.

3. அரிசியில் வண்டு விழுந்தால் அரிசி நஜீஸன்று. ஆனால் வண்டைத் தின்பது கூடாது. புடைத்து, பொறுக்கிச் சமைக்க வேண்டும். பூச்சியினத்தில் வெட்டுக்கிளி மட்டுமே ஹலால். அதுவும் பூச்சி மருந்து பட்டதாயின் உண்ணலாகாது.

4. தீங்கு தரும் பூச்சிகளைக் கொல்லலாம். தொழுகையிலிருக்கும்போது தேள், பாம்பு வந்தாலும் கொல்ல அனுமதியுண்டு. தீங்கு செய்யாத எறும்பைக் கொல்வது மக்ரூஹ்.

5. எறும்புப் புற்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தும் வழக்கம் கைவிடத்தக்கது. ஓர் எறும்பு கடித்ததற்காகப் புற்றையே எரித்த முற்கால நபியொருவரை அல்லாஹ் கண்டித்த செய்தி ஹதீஸில் உள்ளது. நெருப்பால் வேதனை செய்வது நெருப்பின் இறைவனுக்கே உரியது.

மருந்து அடிப்பவர்கள் உணவையும் நீரையும் மூடிவிட்டு, குழந்தைகளை வெளியேற்றி, அடைப்பில் எழுதியபடியே பயன்படுத்த வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் மருந்தை ஊற்றி வைப்பது கொலைக்கு வாசல் திறப்பதாகும். குடோனுக்கென்று உள்ள செல்பாஸ் மாத்திரையை வீட்டில் வைக்கவே கூடாது. அதன் வாயு உறங்குபவரைக் கொன்றுவிடும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியால் இரு பிஞ்சுகள் இறந்ததை நாடே அறியும்.

அண்டை வீட்டார் ஹக்கு

நம் ஊர் அரிசி ஆலைகளுக்கும் கொப்பரைக் களங்களுக்கும் பெயர் பெற்றது. ஹலாலான தொழில், பரக்கத்தான தொழில். ஆனால் மழையில் நனைந்த கொப்பரையையும் வண்டு பிடித்த அரிசியையும் விலை ஏறட்டுமென்று குவித்து வைத்து, அதில் பல்கிய வண்டுகள் ஏழையின் பானையில் விழுந்தால், அது ஹக்குல் இபாது. கோழிப்பண்ணைக் கழிவை அள்ளாமல் விட்டு, பக்கத்து வீட்டுச் சோற்றில் ஈ மொய்க்கச் செய்வதும் அப்படியே. தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்பது நபிமொழியின் கருத்து. முஸ்லிமாயினும் இந்துவாயினும் கிறிஸ்தவராயினும் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரே. ஹஜ்ஜுச் செய்தாலும், அவர் மன்னிக்காதவரை இந்தக் கடன் தீராது.

ஷாமில் கொள்ளை நோய் பரவியதைக் கேட்டு உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா பதிலளித்தார்கள். ஓடு மாற்றுவதும், மூடி போடுவதும், குடோனைச் சுத்தம் செய்வதும் அந்த இன்னொரு விதியே.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்கள் சாதி மத பேதமின்றித் திறக்கப்பட்டதை மறக்க முடியாது. அவ்வளவு பெரிய வெள்ளம் வரும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? ஒவ்வொரு ஜமாஅத்தும் பங்குனியிலேயே தன் மஹல்லாவின் பலவீனமான கூரைகளைக் கணக்கெடுத்து, பத்துத் தகரமும் ஒரு தார்ப்பாயும் ஏணியும் பள்ளியில் வைத்திருக்கலாம். அம்மூதாட்டியின் கூரையை இளைஞர் சிலர் மூன்று நாட்களில் வேய்ந்து முடித்தார்கள். அன்று வாயிலில் பேசியவரும் ஓடு சுமந்து வந்தார். வாய் மூடி நின்ற நாமும் சுமந்தோம். அந்த மூன்று இரவுகளும் அவர் நனைந்த பாயில் கிடந்ததற்கு நாளை நாம் என்ன பதில் சொல்வோம்?

வல்ல அல்லாஹ், காற்றின் தீங்கிலிருந்தும் நாவின் தீங்கிலிருந்தும் நம் அனைவரையும் காத்து, அண்டை வீட்டார் ஹக்கைப் பேணி வாழத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.