இயர்போன் வாங்குவோர் கவனத்திற்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல் மாணவி)

கண்ணுக்கு இமை உண்டு, வேண்டாதபோது மூடிக்கொள்ளலாம். வாய்க்கு உதடு உண்டு. காதுக்கு மட்டும் இயற்கை கதவு வைக்கவில்லை. நாம் உறங்கும்போதும் அது திறந்தே இருக்கிறது. அத்தகைய காதுக்குள் நாமே ஒரு சிறு கருவியைச் செருகி மணிக்கணக்கில் ஒலியைப் பாய்ச்சுகிறோம். அந்தக் கருவியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பயன்படுத்துவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் கண்டாச்சிபுரத்திலிருந்து நாள்தோறும் விழுப்புரம் வந்து பயில்பவள். போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆக, பேருந்திலேயே இரண்டு மணி நேரம் கழிகிறது. இருக்கை கிடைத்தால் புத்தகம் விரிக்கலாம். கிடைக்கும் நாள்கள் குறைவு. கம்பியைப் பிடித்து நிற்கும் கையில் புத்தகத்திற்கு இடமில்லை. எனவே இந்திய தொழில்நுட்பக் கழகங்கள் இலவசமாக வழங்கும் என்.பி.டி.இ.எல். பாட உரைகளை வீட்டிலேயே கைபேசியில் பதிவிறக்கிக்கொண்டு, வழி நெடுகக் கேட்டு வருகிறேன். மாலை வண்டி தாமதமானால் அம்மா அழைப்பார். கூட்டத்தில் கைபேசியைப் பையிலிருந்து எடுக்காமலே பேச வேண்டும். ஆகவே ஒலிவாங்கியுடன் கூடிய இயர்போன் எனக்கு ஆடம்பரப் பொருளன்று. நோட்டுப் புத்தகம் போன்ற படிப்புக் கருவியே. நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர் உளர்.

முதலாண்டில் பேருந்து நிலையத்தை அடுத்த நடைபாதையில் நூறு ரூபாய்க்கு ஒன்றாக நான்கு இயர்போன்கள் வாங்கினேன். ஒவ்வொன்றும் இரண்டு திங்களுக்கு மேல் உழைக்கவில்லை. நான்காவதைத் தூக்கி எறிந்த அன்றுதான், 'நாம் படிக்கும் இயற்பியலை இதில் பயன்படுத்தினால் என்ன?' என்ற எண்ணம் எழுந்தது.

வரலாறு

1876-இல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். காதுக்குள் செருகும் அளவுக்குச் சிறிய ஒலிப்பானுக்கு 1891-இல் காப்புரிமை பெற்றவர் மெர்காடியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1910-இல் நத்தேனியல் பால்ட்வின் என்ற அமெரிக்கர் தலையில் அணியும் ஒலிப்பான்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். 1958-இல் ஜான் காஸ் என்பவர் இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ வகையைக் கொணர்ந்தார். 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. தொலைபேசி இயக்குநருக்கும் கடற்படையினருக்கும் உரியதாக இருந்த கருவி, அதன் பின்னரே பயணம் செய்யும் இளைஞர் கைக்கு வந்தது எனலாம்.

அமைப்பும் செயலும்

இயர்போனைப் பிரித்துப் பார்த்தால் மூன்று உறுப்புகளைக் காணலாம்: ஒரு சிறு நிலைக்காந்தம், மயிரிழை போன்ற கம்பியாலான சுருள், அச்சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. கைபேசியிலிருந்து வரும் மாறுமின்னோட்டம் சுருளில் பாயும்போது காந்தப்புலம் அதன்மீது விசை செலுத்துகிறது. சுருள் முன்னும் பின்னும் அசைய, சவ்வும் அசைந்து காற்றை அதிர்விக்கிறது. அவ்வதிர்வே நாம் கேட்கும் ஒலி. வகுப்பில் படித்த மின்னோட்டக் கடத்தி மீதான விசை இங்கே நம் காதுக்குள் வேலை செய்கிறது!

ஒலிவாங்கி, இயர்போன் கம்பியில் பொத்தான் உள்ள சிறு குமிழில் ஊசிமுனைத் துளைக்குப் பின்னே இருக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் 1962-இல் உருவாக்கிய எலெக்ட்ரெட் ஒலிவாங்கியே மலிவு விலையில் இதனைச் சாத்தியமாக்கியது. நிலையாக மின்னேற்றம் பெற்ற படலம் ஒன்று, ஒலி பட்டு அசையும்போது மின்தேக்குத் திறன் மாறி மின்குறிப்பு பிறக்கிறது. இது வேலை செய்யத் தேவையான சிறு மின்னழுத்தத்தைக் கைபேசியே தருகிறது.

பெட்டியின் மேல் உள்ள எண்கள்

கடையில் பெட்டியைப் புரட்டினால் பல எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றின் பொருளைக் காண்போம்.

மின்தடை: கைபேசிக்கென வரும் இயர்போன்களில் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம் என்றிருக்கும். இரண்டுமே நமக்கு ஏற்றவை. நூற்றுக்கணக்கான ஓம் உடையவை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு உரியவை. கைபேசியின் குறைந்த மின்னழுத்தத்தில் அவை போதிய ஒலி தரா.

உணர்திறன்: '100 டெசிபெல்' என்பது போல் இருக்கும். ஒரு மில்லிவாட் திறன் கொடுத்தால் அவ்வளவு ஒலி எழும் என்பது பொருள். 3 டெசிபெல் கூடுவது, ஒலியின் ஆற்றல் இரு மடங்காவதற்குச் சமம். ஆகவே 97-க்கும் 103-க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று, நான்கு மடங்காகும்.

அதிர்வெண்: '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று நூறு ரூபாய்ப் பெட்டியிலும் இருக்கும், ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் இருக்கும். இது மனிதக் காது கேட்கும் எல்லை மட்டுமே. அந்த எல்லைக்குள் ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை இந்த எண்ணால் பயனில்லை. மேலும், பழைய தொலைபேசிகளில் பேச்சொலிக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே அனுமதித்தனர். பேச்சு நன்கு விளங்கிற்று. பாட உரை கேட்கும் நமக்கு இந்த எண்ணில் மயங்க வேண்டியதில்லை.

சவ்வின் அளவு: 10 மி.மீ. என்பது போல் போட்டிருப்பார்கள். பெரிது என்பதால் சிறந்தது ஆகிவிடாது. அளவுக்கு மீறிய தாழ்சுருதி முழக்கம் ஆசிரியரின் சொற்களை மூடிவிடும்.

செருகியைப் பாருங்கள்

3.5 மி.மீ. செருகியில் கருப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையங்கள் இருந்தால் மூன்று பகுதிகள்: இடம், வலம், பொது இணைப்பு. அதில் ஒலிவாங்கி இல்லை. மூன்று வளையங்கள் இருந்தால் நான்கு பகுதிகள். நான்காவது ஒலிவாங்கிக்கு உரியது. சில பழைய கருவிகளில் பொது இணைப்பும் ஒலிவாங்கி இணைப்பும் இடம் மாறியிருக்கும். அவ்வாறாயின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். பொத்தானை அழுத்தினால் மட்டும் சரியாகும். இது பழுதன்று, பொருத்தமின்மை. கைபேசியில் வட்டத்துளை இல்லாமல் டைப்-சி துளை மட்டும் இருந்தால், மாற்றி இணைப்பான்கள் எல்லாம் எல்லாக் கைபேசிகளிலும் இயங்குவதில்லை. ஆதலால் உங்கள் கைபேசியிலேயே செருகிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கம்பியா, கம்பியில்லா வகையா?

புளூடூத் வகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளால் இயங்குவது. கம்பி சிக்காது என்பது அதன் நன்மை. ஆனால் அதற்கு மின்கலம் உண்டு; நாள்தோறும் மின்னேற்ற வேண்டும்; சில நூறு முறை ஏற்றிய பின் அதன் கொள்ளளவு குறையும். காதிலேயே நிற்கும் சிறு வகைகளில் ஒலிவாங்கி வாய்க்குத் தொலைவில் இருப்பதால் பேருந்து இரைச்சலும் சேர்ந்து போகும். நெரிசலில் ஒன்று கழன்று விழுந்தால் தேடி எடுப்பதும் அரிது. நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்க விரும்புவோர்க்குக் கம்பி வகையே தக்கது என்பது என் கருத்து.

விலைக் கணக்கையும் பார்ப்போம். நூறு ரூபாய் இயர்போன் இரண்டு திங்கள் உழைத்தால் திங்களுக்கு 50 ரூபாய். நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது பதினைந்து திங்கள் உழைத்தால் திங்களுக்கு 30 ரூபாய். மலிவு எது என்று நீங்களே கூறுங்கள். கம்பி பெரும்பாலும் செருகியின் கழுத்திலும், இரண்டாகப் பிரியும் இடத்திலும், பொத்தான் குமிழின் அருகிலும்தான் அறும். அவ்விடங்களில் நெகிழும் ரப்பர் உறை இருக்கிறதா எனக் காண்க. கைபேசியைச் சுற்றி இறுக்கிச் சுற்றாமல், விரல்களில் தளர்வாகச் சுற்றிப் பையில் வைத்தால் ஆயுள் கூடும்.

பெட்டியின் மேல் அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, மாதமும் ஆண்டும், புகார் தெரிவிக்கும் எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இரசீது கேட்டு வாங்குங்கள். இரசீது இல்லையேல் உத்தரவாதம் வெறும் சொல்லே. குறை தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

எல்லாவற்றிலும் தலையாயது

மேற்சொன்ன யாவற்றையும்விட முக்கியமானது, காதை அடைக்கும் சிலிக்கான் முனை. இதனை ஒரு கணக்கால் விளக்குகிறேன்.

கை நீட்டும் தொலைவில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே இரைச்சல் 85 டெசிபெல் அளவை எட்டிவிட்டது எனக் கொள்ளலாம். நம் பேருந்துகளில் மேடு ஏறும்போது இந்நிலைதான். ஆகவே 85 என்றே வைத்துக்கொள்வோம். உரை தெளிவாகக் கேட்க, இரைச்சலைவிட 6 டெசிபெல் மிகுதியாக வைக்கிறோம் என்போம். காதை அடைக்காத இயர்போனில் அது 91 ஆகிறது. உலக நல நிறுவனத்தின் அளவுகோலின்படி, 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. அப்படியானால் 91-க்கு ஏறத்தாழ 3 மணி நேரம் மட்டுமே. வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி எனப் பத்து மணி நேரம் கேட்பவர், எல்லையை மும்மடங்கு மீறுகிறார்.

இப்போது சிலிக்கான் முனை நன்கு பொருந்தி, இரைச்சலில் 10 டெசிபெல் மட்டும் குறைக்கிறது என்று கொள்வோம். உள்ளே வரும் இரைச்சல் 75. அதைவிட 6 கூட்டினால் 81. இதனை வாரத்தில் 30 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாம். பத்து மணி நேரம் கேட்பவர்க்கு அச்சமில்லை. ஒரு சிறு ரப்பர் முனை செய்யும் வேலை இது!

பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று இணை முனைகள் தருவார்கள். பலர் பொருத்தியிருப்பதையே பயன்படுத்திவிட்டு மற்றவற்றை எறிந்துவிடுகின்றனர். இது தவறு. ஒருவருக்கே இரு காதுகளும் ஒரே அளவாக இருப்பதில்லை. இரண்டையும் செருகிக்கொண்டு பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது போல் முழங்கினால் பொருத்தம் சரி. காதருகே விரல்களைத் தேய்த்தால் ஓசை கேட்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கவலை?

உட்செவியின் நத்தை எலும்பில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலி அதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றுவன அவையே. பேரொலியால் அவை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. 12 முதல் 35 வயது வரை உள்ளோரில் நூறு கோடிக்கு மேற்பட்டோர் உரத்த ஒலியால் கேட்கும் திறனை இழக்கும் நிலையில் உள்ளனர் என 2022-இல் உலக நல நிறுவனம் எச்சரித்தது.

இதனைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே நான் வீட்டில் கண்டிருக்கிறேன். என் அப்பா இருபது ஆண்டுகளாக அரிசி ஆலையில் வேலை செய்பவர். காதை அடைக்கப் பஞ்சு வைத்துக்கொள்ளவும் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்று அவரோடு தொலைபேசியில் பேச நான் கத்த வேண்டும். நான் பேருந்தில் கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பர். ஆகவே அவர் இப்போது அழைப்பதே இல்லை, அம்மாதான் அழைக்கிறார். பிழைப்புக்காக அப்பா காதை இழந்தார். அவர் உழைப்பில் பயிலும் நான், வெறும் கவனக்குறைவால் அதை இழப்பது எவ்வளவு பேதைமை! கேட்டு முடித்த பின் காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் இருந்தால் அது எச்சரிக்கை என்பதை நான் அவரிடமிருந்தே அறிந்தேன்.

சில எச்சரிக்கைகள்

சாலையைக் கடக்கும்போதும், ஐந்து திசைகளுக்கு இருப்புப்பாதை பிரியும் விழுப்புரம் சந்திப்பு போன்ற இடங்களில் தண்டவாளத்தின் அருகே நடக்கும்போதும் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். இரைச்சலைத் தடுக்கும் அதே முனை, வண்டியின் ஒலிப்பானையும் தடுக்கும். சிலிக்கான் முனையை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவி உலர்த்துங்கள். நண்பர்க்கு இரவல் தருவதைத் தவிருங்கள். காது நோய் பரவக்கூடும். கெட்டதைக் குப்பையில் எறியாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள்.

முடிவுரை

மாணவத் தோழர்களே! இப்போது என்னிடம் உள்ளது நானூற்றைம்பது ரூபாய் கம்பி இயர்போன். இடக்காதில் நடுத்தர முனை, வலக்காதில் சிறிய முனை. கைபேசியின் ஒலி அளவு பாதியைத் தாண்டுவதில்லை. சென்ற வாரம் அப்பாவுக்கும் அதைப் பொருத்தி, அம்மாவின் கைபேசியில் செருகி, அடுத்த அறையிலிருந்து அழைத்தேன். விசிறியின் ஓசை அடங்கியதும், நான் கத்தாமலே சொன்ன இரண்டு சொற்கள் அவருக்கு விளங்கின. முழுவதும் விளங்கவில்லை, அதற்கு மருத்துவரைத்தான் காண வேண்டும். அடுத்த திங்கள் அழைத்துச் செல்ல இருக்கிறேன்.

விலையைப் பார்த்து வாங்காதீர்கள். விளம்பரத்தைப் பார்த்தும் வாங்காதீர்கள். செருகியை எண்ணி, முனையைப் பொருத்தி, ஒலிவாங்கியில் பேசிப் பதிவு செய்து கேட்டு, இரசீதுடன் வாங்குங்கள். கருவி கெட்டால் கடையில் வேறு கிடைக்கும். காது கெட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது.